நீங்குவதும் எஞ்சுவதும்

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் எங்களுக்குச் சேதன இரசாயனம் என்றாலே மனப்பாடம் செய்ய வேண்டிய நீண்ட பட்டியல் என்ற எண்ணம்தான். எதனுடன் எதைச் சேர்த்தால் எது வரும் என்று அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டே போவோம். அந்தப் பட்டியலில் நீக்கல் தாக்கத்துக்குக் கிடைக்கும் இடம் ஒரு வரி: அற்கைல் ஏலைட்டை அற்ககோல் சேர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் வெப்பமேற்றினால் அற்கீன் பெறப்படும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எங்கள் நாட்டின் கதை ஒன்றும் எங்கள் வீட்டின் கதை ஒன்றும் இருப்பதை இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். அதைத் தோழியருடனும், பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்க அனுப்பிவிட்டு "இதெல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று உள்ளுக்குள் யோசிக்கும் பெற்றோருடனும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் தாக்கத்தைப் பார்ப்போம். காபன் சங்கிலி ஒன்றில் குளோரீன், புரோமீன், அயடீன் போன்ற அலசன் அணு இணைந்திருந்தால் அது அற்கைல் ஏலைட்டு. அலசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருப்பதால், அதைத் தாங்கும் காபன் சற்று நேரேற்றம் கொண்டிருக்கும். இப்போது ஒரு ஐதரொட்சைட்டு அயன் அங்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் கொடுப்பதற்கு ஓர் இலத்திரன் சோடி உண்டு. அதன் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அந்தக் காபனையே தாக்கி, அலசனை வெளியேற்றி, அந்த இடத்தில் தானே அமர்வது. இது பிரதியீட்டுத் தாக்கம், கிடைப்பது அற்ககோல். மற்றது, அந்தக் காபனைத் தொடாமல், அடுத்த காபனில் உள்ள ஐதரசனைப் புரோத்தனாகப் பறித்துக்கொள்வது. ஐதரசன் போனதும் அதைப் பிணைத்திருந்த இலத்திரன் சோடி இரு காபன்களுக்கும் நடுவே வந்து இரட்டைப் பிணைப்பு ஆகிறது. அதே கணத்தில் மறுபுறத்தில் அலசன் தன் இலத்திரன்களுடன் வெளியேறுகிறது. இது நீக்கல் தாக்கம். புரோமோஎதேனிலிருந்து எதீன் வருவது இப்படித்தான்.

எந்த வழியில் போகும் என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கிறது. நீர்க் கரைசலில் பிரதியீடு மேலோங்கும். அற்ககோல் ஊடகத்தில், வலிய மூலத்துடன், வெப்பநிலையும் கூடினால் நீக்கல் மேலோங்கும். இன்னொரு காரணி நெரிசல். முதலான அற்கைல் ஏலைட்டில் அலசன் தாங்கும் காபனைச் சுற்றி இடம் இருக்கும். புடையானதில் மூன்று பக்கமும் காபன் கூட்டங்கள் அடைத்துக்கொண்டு நிற்கும்.

மஸ்கெலியாவில் எங்கள் வாப்பாவின் கடையை நினைத்துக்கொண்டால் எனக்கு இது உடனே விளங்கிவிடும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசன். நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்கள் நிறுத்தும்போது கடை முன்னால் ஆட்கள் நிறைந்துவிடுவார்கள். சனம் இல்லாத நாளில் வருகிறவர் நேரே மேசைக்கு வந்து கேட்டு வாங்குவார். சீசனில் மேசையை நெருங்க முடியாது. வாசலில் தொங்கும் குலையில் எட்டுகிற வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டு காசை நீட்டுவார்கள். ஐதரொட்சைட்டு அயனும் அப்படித்தான். நடுக் காபனை நெருங்க முடியாவிட்டால் ஓரத்தில் எட்டுகிற ஐதரசனைப் பறிக்கும்.

பறித்தலும் வெளியேறுதலும் ஒரே படியில் நடந்தால் பல்கலைக்கழக நூல்கள் அதை ஈ2 என்கின்றன. அலசன் முதலில் போய், காபோகற்றயன் உருவாகி, பிறகு ஐதரசன் போனால் ஈ1. இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: அலசன் தாங்கும் காபனுக்கு அடுத்த காபனில் ஐதரசன் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்த வழி மூடிவிட்டது. இந்த நிபந்தனையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் கதை முழுவதும் அப்படி ஓர் ஐதரசனைப் பற்றியதுதான்.

எங்கள் உம்மம்மா குருநாகல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1970இல் நிக்காஹ் முடித்து மஸ்கெலியாவுக்கு வந்தார். அப்போது இந்த நகரமே புதிது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நீருக்கடியில் போய்விட, மேட்டில் புதிய கடைவீதி எழுந்துகொண்டிருந்தது. மழை, மூடுபனி, கம்பளி என்று எல்லாமே அவருக்குக் கஷ்டமாக இருந்தாலும், ஒன்றை மட்டும் இன்றும் நன்றியோடு சொல்வார்: "இங்க குளிர் ஈக்கி மகள், குளிர்காய்ச்சல் இல்ல. அல்ஹம்துலில்லாஹ்."

குளிர்காய்ச்சல் என்று அவர் சொல்வது மலேரியாவை. ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அது பரவியதில்லை. இலங்கையில் அதைப் பரப்பிய முக்கிய நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிஃபேசீஸ், தாழ்நிலத்தில் ஆறு வற்றித் தேங்கும் தெளிந்த நீர்க் குட்டைகளில் பெருகுவது. ஆனால் எங்கள் மலைகளுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்கு அழைத்துவரப்பட்ட தமிழ்நாட்டு மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்துதான் மலையேறினார்கள். அந்த வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் கணக்கில்லை. என்னுடன் சின்ன வகுப்பில் படித்த தோழிகள் பலருடைய முன்னோர் அப்படி நடந்து, பிழைத்து வந்தவர்கள்.

உம்மம்மாவின் உம்மா சொன்ன கதை இன்னும் கடுமையானது. 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடும் தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் குட்டை குட்டையாக நின்றன. நுளம்பு பெருகியது. அந்த வருடக் கடைசியில் தொடங்கி 1935இல் முடிந்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. குருநாகல், கேகாலைப் பகுதிகளில்தான் அடி பலமாக விழுந்தது. அவர்கள் வீட்டில் மட்டும் இரண்டு பிள்ளைகளின் ஜனாஸா ஒரே வாரத்தில் போனதாம்.

இந்த நிலையில்தான் டீ.டீ.டீ. வந்தது. இது 1874இலேயே ஆய்வுகூடத்தில் தயாரிக்கப்பட்ட ஒரு சேர்வை. பூச்சிகளைக் கொல்லும் அதன் ஆற்றலை 1939இல் கண்டுபிடித்தவர் சுவிற்சர்லாந்தின் போல் முல்லர். அதற்காக 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இலங்கையில் 1940களின் நடுப்பகுதியிலிருந்து வீட்டுச் சுவர்களின் உட்புறத்தில் அதைத் தெளித்தார்கள். இரத்தம் குடித்த நுளம்பு சுவரில் ஓய்வெடுக்கும் பழக்கமுள்ளது. அப்போது கால் வழியாக மருந்து ஏறிவிடும். ஒருமுறை தெளித்தால் பல மாதங்களுக்கு அதன் வீரியம் இருக்கும்.

"ஊட்டுச் செவரெல்லாம் வெள்ளயடிச்ச மாதிரி ஆகிடும் மகள். மருந்தடிச்ச அண்டைக்கு மூட்டப்பூச்சியெல்லாம் ஒண்டொண்டாச் செத்து உழும். பொறகு பொறகு அது சாகல்ல. மருந்தத் திண்டே கொழுத்திட்டெண்டு சிரிப்பாங்க" என்று உம்மம்மா சொல்வார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு விஞ்ஞானக் கேள்வி இருந்தது. சாகாத பூச்சி, மருந்தை என்னதான் செய்தது?

டீ.டீ.டீ.யின் கட்டமைப்பைப் பார்த்தால் இது எங்கள் பாடப் புத்தகத்துச் சேர்வைதான் என்பது புரியும். இரண்டு காபன்களைக் கொண்ட சிறிய முதுகெலும்பு. ஒரு முனைக் காபனில் மூன்று குளோரீன். மற்றக் காபனில் இரண்டு பென்சீன் வளையங்களும், ஒரேயொரு ஐதரசனும். வளையங்களிலும் ஒவ்வொரு குளோரீன் உண்டு. ஆனால் பென்சீன் வளையத்தில் நேரடியாக இணைந்த குளோரீன் எளிதில் அசையாது என்பது நாம் படித்ததே. அசையக்கூடியது முனைக் காபனின் குளோரீன். அதற்கு அடுத்த காபனில் ஐதரசன் இருக்கிறதா? இருக்கிறது, ஒன்றே ஒன்று. பக்கத்து வளையங்களும் முக்குளோரோ முனையும் இலத்திரனை இழுப்பதால் அந்த ஐதரசன் பறிப்பதற்கு இலகுவானதாகவும் இருக்கிறது.

ஆகவே டீ.டீ.டீ.யை அற்ககோல் சேர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுடன் சூடாக்கினால் என்ன நடக்கும் என்று எங்களில் எவராலும் சொல்ல முடியும். அந்த ஐதரசனும் ஒரு குளோரீனும் ஐதரசன் குளோரைட்டுக்குரிய அளவில் நீங்கும். இரு காபன்களுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு வரும். எஞ்சுவதன் பெயர் டீ.டீ.ஈ. மூலர்த் திணிவு 354.5இலிருந்து 318 ஆகக் குறைகிறது. போனது 36.5, பத்தில் ஒரு பங்கு அளவுதான். மருந்துத் தூளில் டீ.டீ.டீ. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவும் இரசாயனவியலாளர்கள் இந்தத் தாக்கத்தையே பயன்படுத்தினார்கள்: நீங்கி வரும் குளோரைட்டை நியமித்துக் கணக்கிட்டார்கள்.

அந்தப் பத்தில் ஒரு பங்கு போனதும் எல்லாம் மாறிவிடுகிறது. டீ.டீ.டீ. பூச்சியின் நரம்பில் சோடியம் அயன் செல்லும் வாயிலில் சிக்கி, அதை மூடவிடாமல் வைத்திருக்கும். நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி இறக்கும். அந்த வாயிலில் சிக்குவதற்கு மூலக்கூறின் உருவம் முக்கியம். நான்கு பிணைப்புகளும் நான்முகியாக விரிந்திருந்த காபன், இரட்டைப் பிணைப்பு வந்ததும் தட்டையாகிவிடுகிறது. டீ.டீ.ஈ. அங்கே பொருந்துவதில்லை. பூச்சி பிழைத்துக்கொள்கிறது.

ஆய்வுகூடத்தில் நாம் சூடாக்கிச் செய்வதைப் பூச்சி தன் உடல் வெப்பத்திலேயே செய்கிறது. 1940களின் பிற்பகுதியிலேயே ஐரோப்பாவில் டீ.டீ.டீ.க்குச் சாகாத இலையான்கள் தோன்றிவிட்டன. 1950களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் அத்தகைய இலையான்களிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வைத்த பெயரே அது செய்யும் வேலையைச் சொல்லும்: டீ.டீ.டீ. ஐதரோகுளோரைட்டு நீக்கி. அது வேலை செய்யக் குளூட்டதயோன் என்ற சிறிய மூலக்கூறு வேண்டும். அதிலுள்ள கந்தக அணுதான் மூலமாக நின்று அந்த ஐதரசனைப் பறிக்கிறது. எங்கள் உடற்கலங்களிலும் இருக்கும் சாதாரணப் பொருள்தான் குளூட்டதயோன். அனோபிலிஸ் நுளம்புகளிலும் இதே குடும்ப நொதிகள் பிற்பாடு அறியப்பட்டன. மருந்து இந்த நொதியைப் புதிதாகப் படைக்கவில்லை. கோடிக்கணக்கான பூச்சிகளில் இது சற்று அதிகமாக இருந்த சிலவற்றை மட்டும் உயிரோடு விட்டுவைத்தது. அடுத்தடுத்த தலைமுறைகள் அவற்றின் பிள்ளைகள்.

இலங்கையில் நடந்ததை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்தது என்ற நம்பிக்கையில் 1964இல் வீடுகளுக்குத் தெளிப்பது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1967இன் இறுதியிலிருந்து நோய் திரும்பியது. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். உம்மம்மாவுக்கும் அந்தக் காலத்தில்தான் வந்தது. மூன்று போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுத்ததையும், குளிசையின் கசப்பு நாக்கை விட்டுப் போகாததையும் சொல்வார். நோய் திரும்பியதற்கு நுளம்பின் எதிர்ப்பு மட்டும் காரணமல்ல. நாங்கள் வேலையை நிறுத்தியதே முதற்காரணம். ஆனால் மறுபடி டீ.டீ.டீ.யைக் கையில் எடுத்தபோது பழைய பலன் கிடைக்கவில்லை. நுளம்பு எதிர்ப்புப் பெற்றிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் மலத்தியனுக்கு மாற வேண்டி வந்தது.

தாக்கத்தின் பொறிமுறை தெரிந்திருந்ததால் இரசாயனவியலாளர்கள் சும்மா இருக்கவில்லை. பறிபோவது அந்த ஒரு ஐதரசன்தானே? அதன் இடத்தில் தூத்தேரியத்தை, அதாவது இருமடங்கு திணிவுள்ள ஐதரசனை வைத்தார்கள். காபனுக்கும் தூத்தேரியத்துக்கும் இடையிலான பிணைப்பு உடைவது மெதுவானது. 1963இல் வெளியான ஆய்வொன்றில், எதிர்ப்புப் பெற்ற ஏடிஸ் ஈஜிப்தி நுளம்புகளுக்கு இந்தப் புதிய டீ.டீ.டீ. கூடுதல் நஞ்சாக இருந்தது தெரிந்தது. ஒரு நாட்டின் சுவர்களுக்கெல்லாம் தூத்தேரியம் தெளிப்பது நடக்கிற காரியமல்ல. ஆனாலும் ஒரு நியூத்திரன் கூடினால் ஒரு நுளம்பின் விதி மாறும் என்று காட்டிய அந்தப் பரிசோதனையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு மாற்றம் தேயிலைக்கே வந்து சேர்ந்தது. அந்த ஐதரசன் இருந்த இடத்தில் ஐதரொட்சில் கூட்டம் ஒன்றை வைத்தால் கிடைப்பது டைக்கோஃபோல். அடுத்த காபனில் ஐதரசன் இல்லை, ஆகவே டீ.டீ.ஈ. ஆகும் வழி மூடிவிட்டது. நுளம்புக்கு அல்ல, செஞ்சிலந்தி போன்ற சிற்றுண்ணிகளுக்கு எதிராக அது பயன்பட்டது. இந்தியத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்டது. அதைத் தயாரிக்கும் வழியிலும் டீ.டீ.டீ.யிலிருந்து ஐதரசன் குளோரைட்டை நீக்கும் படி ஒன்று உண்டு. சூழலில் நிலைத்து நிற்பதால், 2019இல் ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் கீழ் அதுவும் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று தேயிலையை வாங்கும் நாடுகள் எஞ்சிய மருந்தின் அளவைச் சோதித்துத்தான் வாங்குகின்றன. கொழுந்தின் மேல் எது தெளிக்கப்படுகிறது, எது எஞ்சுகிறது என்பது, நாள் முழுவதும் அந்தச் செடிகளுக்கு நடுவே நிற்கும் பெண்களின் உடம்பைப் பற்றிய கேள்வி. அவர்களின் சம்பளத்தையும், அதை நம்பியிருக்கும் எங்கள் கடைவீதியையும் பற்றிய கேள்வியும் கூட.

நீக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ ஒன்று இல்லாமல் போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் நீங்குவது சிறிது, எஞ்சுவதுதான் பெரிது. பூச்சிக்குத் தீங்கில்லாத டீ.டீ.ஈ., பறவைகளுக்குத் தீங்கானது. அது நீரில் கரையாது, கொழுப்பில் சேரும், எளிதில் சிதையாது. பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதைத் தின்னும் பறவைக்கும் போகப் போகச் செறிவு கூடும். 1960களில் பிரித்தானியாவில் வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியதற்குக் காரணம் தேடியபோது டீ.டீ.ஈ. அகப்பட்டது. தாய்ப்பாலிலும் அது பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. எங்கள் ஊரில் வரட்சி வந்து மவுசாக்கலை நீர் இறங்கினால், பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். அணை கட்டியவுடன் அந்த ஊர் இல்லாமல் போகவில்லை, கண்ணுக்கு மறைந்தது. டீ.டீ.ஈ.யைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அதுதான் நினைவு வந்தது.

ஆனால் டீ.டீ.டீ. காப்பாற்றிய உயிர்களை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டில் இரண்டு ஜனாஸாக்களைப் பார்த்த ஒரு தாய்க்கு அந்த வெள்ளைச் சுவர் ஒரு ரஹ்மத்தாகவே தெரிந்திருக்கும். பிழை மருந்தில் மட்டும் இல்லை. ஒரே பொருளை நம்பி, அதன் பின்னால் நடப்பதைப் பார்க்காமல் விடுவதில்தான் ஆபத்து.

பிற்காலத்தில் இலங்கை அதைச் சரியாகச் செய்தது. மருந்துகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல், மருந்தூட்டிய வலைகள், காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்தல், போர்க்காலத்திலும் வடக்குக் கிழக்கில் கைவிடாத களப்பணி என்று பல வழிகள் சேர்ந்தன. 2016க்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இம்முறை கண்காணிப்பு நிறுத்தப்படவில்லை; வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் காய்ச்சல் இன்றும் தேடிப் பார்க்கப்படுகிறது.

அதே 2016இன் டிசம்பரில், மன்னாரில் ஒரு புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது: அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இது, ஆற்றுக் குட்டை தேடுவதில்லை. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும். யாழ்ப்பாணத்தில் பிடித்தவற்றை அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, டீ.டீ.டீ.க்கும் மலத்தியனுக்கும் எதிர்ப்புக் காட்டியது தெரியவந்தது. எங்கள் மலைநாட்டவரின் முன்னோர் இறங்கி நடந்த அதே கரையில் அது இறங்கியிருக்கிறது.

அந்த நுளம்பைப் பிடித்து, அதன் நொதியைப் பிரித்து, எந்த ஐதரசனை எப்படிப் பறிக்கிறது என்று பார்க்க ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருத்தி இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் வகுப்பறைகளிலிருந்து போகட்டும், இன்ஷா அல்லாஹ். அதற்கு அவள் முதலில் கற்க வேண்டியது, அற்ககோல் சேர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்று தொடங்கும் அந்த ஒரு வரியைத்தான்.